ஆளைக் காணோமே!

நம் பக்கத்து ஊர்களில் இருவர் எதிர்ப்பட்டால் எழும் கேள்விகள் பல. "சாப்பாடு ஆச்சா?" என்பது ஒன்று, "எங்கே இம்புட்டுத் தூரம்?" என்பது மற்றொன்று. இவற்றுக்கு வரும் விடையை எவரும் கூர்ந்து கேட்பதில்லை. கேட்டுவிட்டோம் என்னும் நிறைவோடு கேட்டவர் தம் வழியே போய்விடுவார். ஆனால், "என்ன பாய், ரெண்டு நாளா ஆளைக் காணோம்?" என்று ஒருவர் கேட்கும்போது, அவர் விடைக்காக நிற்கிறார். கேள்வி வாயில் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே அது அவர் மனத்தில் பிறந்துவிட்டது. வழக்கமாக ஒருவர் அமரும் இடம் வெறுமையாகக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். என்னவாயிற்றோ என்று ஒரு கணம் எண்ணியிருக்கிறார்.

உறவும் நட்பும் உடல்நலத்தைக் காக்கின்றன, உள்ளத்துக்கு மகிழ்ச்சி அளிக்கின்றன என்று மருத்துவ உலகம் இன்று உரத்துப் பேசுகிறது. அதற்கு ஆதாரமாக ஆய்வுகளையும் எண்களையும் அடுக்குகிறது. அந்த எண்களையெல்லாம் படித்துப் பார்த்த பின்பு நம் மனத்தில் எஞ்சி நிற்பது இந்த ஒரு கேள்விதான். ஒருவர் கண்ணில் படாது போனால், அதைக் கவனித்துத் தேடி வருவதற்கு அவருக்கு எத்தனை பேர் இருக்கின்றனர்? அவருடைய நலத்தில் ஒரு பெரும் பங்கை இதற்கான விடையே தீர்மானிக்கிறது என்று நாம் கருதுகின்றோம்.

மலையடிவாரத்து ஊர்

மதுரையிலிருந்து மேற்கே சென்று, உசிலம்பட்டியை அடைந்து, அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பினால் எழுமலை வரும். பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி அது. மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்குப் பின்னே அரணாக நிற்கிறது. மழையை நம்பிய காடுகளும் கிணற்றை நம்பிய தோட்டங்களும் சுற்றிலும் உண்டு. பிழைப்புத் தேடி வெளியூர் போனவர் ஒருவரேனும் இல்லாத வீட்டை இங்குத் தேடித்தான் காண வேண்டும்.

வைகறையில் தேநீர்க் கடையின் பலகைகள் ஒவ்வொன்றாக நிரம்பும். ஒரே செய்தித்தாள் தாள் தாளாகப் பிரிந்து நான்கு கைகளுக்குப் போகும். சுபுஹுத் தொழுகை முடித்து வரும் ராவுத்தரும், காட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் உழவரும், முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் ஆசிரியரும் அங்கே கூடுவர். மழை வருமா, வெங்காயம் என்ன விலை போகிறது, யார் வீட்டில் கல்யாணம் என்பவையே பேச்சு. எழுதி வைத்துப் படித்தால் அந்தப் பேச்சில் ஒரு சாரமும் தேறாது. ஆனால் யார் எந்த மூலையில் உட்காருவார், யாருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர், யாருக்கு அரை டம்ளர் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். அங்கே வருகின்ற ஒவ்வொருவரும் மற்றவர் மனத்தில் தமக்கென ஓர் இடம் பிடித்திருக்கிறார்.

நாம் அறிந்த முதியவர் ஒருவர் அவ்வூரில் உண்டு. எழுபதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி. மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின. மூத்த மகன் திருப்பூரில். இளையவன் அரபு நாட்டில். மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் தாமே பொங்கி உண்கிறார். பிள்ளைகள் பணம் அனுப்பத் தவறுவதில்லை. இரவு ஒன்பது மணியானால் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதற்கும் தவறுவதில்லை. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பின் இடது ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். முழங்கால் வலியுள்ள அவர் அதில் அமர்ந்துதான் தொழுவார்.

ஒரு நாள் சுபுஹுக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது. தொழுகை முடிந்ததும் மோதினார் ஒரு பையனை அழைத்து, "அத்தாவை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாப்பா" என்று அனுப்பினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அண்டை வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "வெள்ளெனவே லைட்டு எரியுமே, இன்னைக்கு எரியலையே" என்றார். கொல்லைப் பக்கமாக உள்ளே சென்று பார்த்தபோது, சர்க்கரை தாழ்ந்து அரை மயக்கத்தில் கிடந்தார் பெரியவர். சர்க்கரைத் தண்ணீர் இரண்டு வாய் இறங்கியதும் பேச்சு வந்தது. ஆட்டோவில் வைத்து உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். இரண்டாம் நாள் ஊர் திரும்பிவிட்டார்.

பிள்ளைகளின் அன்பில் குறைவில்லை. ஆனால் அந்த அன்பு இரவு ஒன்பது மணிக்குத்தான் அவரைத் தேடி வரும். அன்று அவருக்குத் தேவைப்பட்டதோ காலை ஐந்தரை மணிக்குத் தேடுகின்ற கண். மோதினாரின் கண்ணும் அண்டை வீட்டு அம்மாளின் கண்ணும் அதைச் செய்தன. அவ்விருவரில் எவரும் அவருக்கு இரத்த உறவு அல்லர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தவர்கள்

இது ஓர் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. இதைக் கொண்டு பொது விதி வகுக்கலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். முறையான கேள்வியே. ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கண்டவை என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அலமீடா என்றொரு மாவட்டம். அங்கே 1965ஆம் ஆண்டு 6,928 பேரிடம் அவர்களுடைய மணவாழ்வு, உற்றார், நண்பர், வழிபாட்டுச் சபை, சங்கத் தொடர்புகள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தனர். பின்னர் ஒன்பது ஆண்டுகளில் யார் இறந்தனர், யார் இருக்கின்றனர் என்று பார்த்தனர். பெர்க்மன், சைம் என்னும் ஆய்வாளர் இருவர் 1979இல் வெளியிட்ட முடிவு இது: தொடர்புகள் மிகக் குறைந்த ஆண்கள், தொடர்புகள் மிகுந்த ஆண்களைப்போல் 2.3 மடங்கு இறந்திருந்தனர். பெண்களிடையே அது 2.8 மடங்கு. புகைபிடித்தல், குடி, உடற்பருமன், தொடக்கத்தில் இருந்த நோய் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் இந்த வேறுபாடு மறையவில்லை.

ஜூலியான் ஹோல்ட்–லன்ஸ்டட் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் இத்தகைய 148 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2010இல் அலசினர். அவற்றில் இடம்பெற்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேல். உறவு வலுவாக உள்ளவர் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அஃது இல்லாதவரைவிட 50 விழுக்காடு கூடுதல் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஆய்வொன்று, இளைஞர் சிலரை அவர்தம் முதுமை வரை பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவரே எண்பது வயதில் நலமாக இருந்தனர். இரத்தக் கொழுப்பின் அளவுகூட அவ்வளவு தெளிவாகப் பிற்காலத்தை முன்னறிவிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2025 ஜூனில் அளித்த அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் வாடுகிறார் என்றும், ஆண்டுதோறும் 8,71,000 பேருக்கு மேல் இறப்பதற்கு அது தொடர்புடையது என்றும் மதிப்பிட்டது.

இவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு சிறிய சோதனை. ஷெல்டன் கோஹன் என்னும் உளவியலறிஞரின் குழுவினர் நலமுடைய 276 பேரைத் திரட்டி, அவர்கள் இசைவோடு மூக்கில் சளிக்காய்ச்சல் கிருமியை விட்டு, தனியிடத்தில் வைத்துப் பார்த்தனர். மூன்று வகை உறவோ அதற்கும் குறைவோ உடையவர், ஆறு வகை உறவும் அதற்கு மேலும் உடையவரைவிட நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 4.2 மடங்கு இருந்ததாக 1997இல் எழுதினர். இங்கே எண்ணப்பட்டது ஆட்களின் தொகை அன்று, உறவின் வகை. மனைவி ஒரு வகை, மக்கள் ஒரு வகை, பெற்றோர் ஒரு வகை, அண்டை வீட்டார் ஒரு வகை, உடன் வேலை செய்வோர் ஒரு வகை, வழிபாட்டில் உடன் நிற்போர் ஒரு வகை. சொந்த பந்தம் நூறு பேர் இருந்தாலும் அஃது ஒரு வகையே. இந்த வேறுபாட்டைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

உறவு எவ்வாறு உடலுக்குள் புகுந்து வேலை செய்கிறது? தனித்து விடப்பட்டவன் உடல் எப்போதும் ஓர் ஆபத்தை எதிர்பார்த்து நிற்கிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் அடங்காமல் இருக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; உறக்கம் துண்டு துண்டாகிறது; உள்ளே அழற்சி கூடுகிறது. இது ஒரு வழி. மற்றொரு வழி மிக எளியது. மாத்திரை போட்டாயா என்று கேட்கவும், மருத்துவரிடம் இழுத்துச் செல்லவும், இரண்டாவது முறை பொங்கல் வைக்கச் சோம்பிப் பட்டினி கிடப்பவருக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கவும் ஆள் இருக்கிறார். நோயுற்றவர் வெளியே வராமையால் அவர் உறவு சுருங்கும் என்பதும் உண்மையே. அதனால் காரணத்தையும் விளைவையும் பிரித்தறிவது எளிதன்று. எனினும் இத்தனை நாடுகளில், இத்தனை முறைகளில் ஒரே பக்கம் சாய்கின்ற தராசை நாம் புறக்கணிக்க முடியாது.

கட்டிலருகே ஓர் ஆள்

அலமீடாவும் ஹார்வர்டும் தொலைவில் உள்ளவை. நம் தமிழகத்திலேயே, உறவை மருந்துச் சீட்டில் எழுதிய மருத்துவமனை ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியபோது, அதனை அமைத்த டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் ஒரு முறையை வகுத்தார். நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்க வேண்டும் என்பது அது. மனநோயாளி என்றால் உயர்ந்த மதில்களுக்குள் அடைத்து, வெளியாரிடமிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாயிருந்த காலம். அதே ஐம்பதுகளில் பஞ்சாபின் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனைத் திடலில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார்.

இதன் பயன் என்ன? உடன் தங்கும் தாயோ கணவனோ அண்ணனோ, நோயின் போக்கை அருகிருந்து அறிகின்றனர். பேய் பிடித்தது, பாவம் சூழ்ந்தது என்னும் அச்சம் நீங்குகிறது. மருந்தின் வேளை தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குணமடைந்தவர் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு திறந்திருக்கிறது. பிரிந்து நெடுநாள் ஆனபின் வீட்டில் அவருக்குரிய இடம் மூடிக்கொள்வது உலக இயல்பு; உடனிருந்தவர் அதை மூட விடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் நாம் மறக்கலாகாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது.

சங்கிலியைப் பற்றி எல்லோரும் பேசினர். அந்தச் சங்கிலிக்கு முன்பே அறுந்துபோன மற்றொன்றைப் பற்றிப் பேசியவர் குறைவு. நோயுற்றவரைக் கொண்டுவந்து விட்டுச் சென்ற குடும்பங்களில் பல, முதலில் மாதம் ஒரு முறை வந்தன. பிறகு பணம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஏழ்மையும் அறியாமையும் அவமான உணர்வும் அதற்குக் காரணங்கள். அவர்களை எளிதில் பழித்துவிட நாம் துணியவில்லை. ஆனால், "அவனை எங்கே காணோம்?" என்று கேட்கும் கடைசி ஆளும் நின்றுபோன பின்புதான் ஒரு மனிதனை எவர் வேண்டுமாயினும் எப்படி வேண்டுமாயினும் நடத்த முடிகிறது என்பதை ஏர்வாடி காட்டியது. நேர்ச்சைக்கென வரும் மக்களிடம் பிரார்த்தனையை விடச் சொல்லாமல், அதனோடு மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் 'தவா–துஆ' முயற்சி பின்னர் அங்கே வந்தது நல்லதொரு மாற்றம்.

சுவருக்கு அப்பால்

உறவின் நன்மையைப் பேசும்போது ஓர் உண்மையை ஒளித்துப் பேசுவது நேர்மையாகாது. நெருக்கமான உறவு உள்ளே இருப்பவருக்கு நிழல். வெளியே இருப்பவருக்கு அதுவே சுவராகிவிடக்கூடும். இதை விளக்க நாம் எழுமலையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எழுமலையை அடுத்தே உத்தப்புரம் இருக்கிறது.

1989ஆம் ஆண்டு அவ்வூரில் சாதிப் பூசல் மூண்டது. அதன் பின்னர் ஆதிக்க சாதியார் தம் குடியிருப்புக்கும் தலித் மக்கள் குடியிருப்புக்கும் இடையே ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினர். தலித் மக்கள் நெடுஞ்சாலைக்கு வரச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் சுவரின் மேல் மின்சாரக் கம்பியும் ஏறியது. 2008இல் செய்தி வெளியே பரவிக் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு மே 6ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. 2011 அக்டோபரில் இரு தரப்பாரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நவம்பர் 10ஆம் நாள் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அதன் பின்னும் பூசல்கள் எழாமல் இல்லை.

சுவரின் இரு புறத்தாருக்கும் உள்ளே உறவு உண்டு, விருந்து உண்டு, துயரத்தில் தோள் கொடுப்போர் உண்டு. ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சுவருக்கு இப்பால் ஒருவர் காணாமற் போனால் அப்பால் உள்ளவர் அறிய வழியில்லை. அறிந்தாலும் கேட்க முறையில்லை. கூப்பிடு தொலைவில் வாழ்ந்தவர் அயல் நாட்டார் ஆயினர். முன்பு நாம் கூறிய சளிக்காய்ச்சல் சோதனையை இங்கே நினைவுகொள்ளலாம். எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வகையினர் என்பதே பயன் தந்தது. தன் சாதி, தன் தெரு, தன் கூட்டம் என்று ஒரே வகையில் நூறு பேரைச் சேர்ப்பவர், சுவருக்கு வெளியே நிற்பவருக்குத் தீங்கு செய்வதோடு தமக்குரிய நலத்தையும் குறைத்துக்கொள்கிறார்.

பிறர் சுவரைச் சுட்டுவது எளிது. நம் மஹல்லாக்களிலும் செங்கல் இல்லாத சுவர்கள் உண்டல்லவா? கொள்கை வேறுபாட்டால் ஒரே ஊரில் இரண்டு ஜமாஅத்தாகி, ஒரு சாரார் மறு சாராரின் ஜனாஸாவுக்கும் போகாத ஊர்களை வாசகர் அறிவர். சொத்துத் தகராற்றில் ஸலாம் நின்றுபோன அண்ணன் தம்பியரையும் அறிவர். நோயாளியை நலம் விசாரிப்பதை மார்க்கம் ஒருவர்மேல் மற்றவருக்குள்ள கடமையாக வைத்திருக்கிறது. அக்கடமை, எந்தப் பள்ளியில் தொழுகிறார் என்று கேட்டபின் தொடங்குவதன்று.

தேடப்படாதவர்கள்

தேநீர்க் கடையையும் பள்ளிவாசலையும் நாம் புகழ்ந்தோம். அவ்விரண்டும் பெரும்பாலும் ஆடவர் கூடும் இடங்கள். பெண்கள் எங்கே கூடுவர்? முன்பு பொதுக்கிணறு இருந்தது, குழாயடி இருந்தது, மாலை வேளையில் திண்ணை இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது பெரும் விடுதலை. குடம் சுமந்த இடுப்பு அதை நன்கு அறியும். ஆனால் குடத்தோடு சேர்ந்து குழாயடிப் பேச்சும் போயிற்று. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு வந்தது. கணவனை இழந்து, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, தொலைக்காட்சியின் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி இரண்டு நாள் வெளியே வராவிட்டால், அதைக் கவனிப்பவர் யார்?

இந்தக் குறையை ஓரளவு நிரப்பியவை மகளிர் குழுக்கள். தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் அரசு தொடங்கிய சுய உதவிக் குழுக்களும், மதுரை வட்டாரத்தில் 1990 முதல் வளர்ந்த களஞ்சியம் குழுக்களும் சேமிப்புக்கும் கடனுக்கும் எனத் தோன்றியவை. ஆயினும் வட்டியைவிடப் பெரிய இலாபம் ஒன்று அவற்றில் உண்டு. குறித்த நாளில் குறித்த இடத்தில் பெண்கள் கூட வேண்டும். வராதவள் ஏன் வரவில்லை என்று மற்றவர் கேட்டே ஆக வேண்டும். மதுரையை அடுத்த புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை அம்மையார் 2001இல் அன்றைய பிரதமர் வாஜ்பாயி கையால் விருது பெற்றதும், பிரதமர் அவர் பாதம் தொட்டு வணங்கியதும் நாடறிந்த செய்தி. எழுத்தறியாத அம்மையாருக்கு அந்த உயரத்தைத் தந்தது, நாற்று நடும் பெண்களை ஒன்றுகூட்டிய திறமே.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு; தமிழகத்தில் 10.4 விழுக்காடு. முதியோர் பெருகி, இளையோர் வெளியூர் செல்லும் ஊர்களில், பழைய பழக்கங்கள் தாமே நிலைத்து நிற்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரொசெட்டோ என்றோர் ஊர். இத்தாலியிலிருந்து குடியேறியோர் அமைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மாரடைப்பால் இறப்போர் அண்டை ஊரைவிடக் கண்கூடாகக் குறைவு. அவர்கள் கொழுப்பை ஒதுக்கியவரும் அல்லர். புகையை விட்டவரும் அல்லர். மூன்று தலைமுறையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். அண்டை அயலார் கூடி உண்டனர். இதுவே காரணமாகலாம் என்றனர் ஆய்ந்தவர். பின்னர் இளையோர் தனி வீடு, தனி வேலி என்று விலகினர். மாரடைப்பும் அண்டை ஊரளவுக்கு உயர்ந்தது. ஐம்பது ஆண்டு இறப்புக் கணக்கை வைத்து 1992இல் வெளியான கட்டுரை இதனை உறுதிப்படுத்தியது.

கைப்பேசியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அரபு நாட்டில் இருக்கும் மகனின் முகத்தை நாள்தோறும் காண்பது, கடிதத்துக்கு மாதக் கணக்கில் காத்திருந்த தலைமுறைக்குக் கிட்டாத பேறு. ஆனால் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கக் கைப்பேசியால் ஆகாது. "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லும் குரல் பட்டினியை மறைத்துவிடும். அடுப்பில் சாம்பல் இல்லாததை அண்டை வீட்டார் அறிவர்.

செய்யக்கூடியது

நம் மேற்கு எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. தீராத நோயின் வலியைத் தணிப்பதற்கெனக் கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சங்கம் தொடங்கியது. மருத்துவரும் செவிலியரும் மட்டும் இதைச் செய்து முடிக்க இயலாது என்று அவர்கள் விரைவில் உணர்ந்தனர். மலப்புறம் மாவட்டத்தில் கடைக்காரர், ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர் எனச் சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, தம் ஊரில் படுக்கையில் கிடப்போரை முறை வைத்துப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு வளர்ந்தது. நோயாளியின் சமயம் அங்கே ஒரு கேள்வியாக எழவில்லை. செலவுக்குரிய பணத்தையும் ஊரே சிறு சிறு தொகையாகத் திரட்டியது. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

எழுமலை போன்ற ஊர்களுக்கு இவ்வளவு பெரிய அமைப்பும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் சந்தாப் பதிவேடு இருக்கிறது. எந்த வீடு எத்தனை மாதம் பாக்கி என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த வீட்டில் ஒருவர் தனியே இருக்கிறார் என்பதையும் அதன் ஓரத்தில் குறித்துக்கொள்ள எவ்வளவு மை செலவாகும்? அத்தகைய வீடுகளை மூன்று மூன்றாகப் பிரித்து, இளைஞர் சிலரும் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் பெண்கள் சிலரும் பொறுப்பேற்கலாம். தெருவில் உள்ள பிற சமயத்து முதியோரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை தாழ்ந்த பெரியவரைக் காத்ததில் பாதிப் பங்கு அண்டை வீட்டு அம்மாளுடையது என்பதை மறவாதிருப்போம்.

இன்னொன்றும் உண்டு. போய்ப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் முதியவர் தம்மை ஒரு சுமையாகவே கருதுவார். அவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். விதை நேரம் பற்றிய யோசனை, பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க அரை மணி நேரம், கல்யாணச் சமையலுக்கு அரிசிக் கணக்கு என எதுவாயினும் சரி. தம்மைத் தேடுகிறார்கள் என்பதோடு, தாம் தேவைப்படுகிறோம் என்பதும் தெரியும்போதுதான் ஒருவர் மறுநாள் காலை எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

இவற்றில் எதற்கும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. வருகின்ற மாதம் சந்தா வாங்கச் செல்பவர், ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பாமல், தனியே இருப்பவர் வீட்டில் மட்டும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.